8543-ஐ ஏன் வர்க்கப்படுத்தினார்கள்? ஒரு கொலை வழக்கை நிகழ்தகவுக் கணக்காகப் போட்டுப் பார்த்தல்

முதலில் கணக்கு. பதினொன்றாம் வகுப்பு மாதிரித் தேர்வில் வந்தால் இப்படி இருக்கும்:

"குறிப்பிட்ட வகைக் குடும்பம் ஒன்றில் பிறக்கும் குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கான நிகழ்தகவு 1/8543. அத்தகைய குடும்பத்தில் இரண்டு குழந்தைகளும் அவ்வாறே இறப்பதற்கான நிகழ்தகவு காண்க."

பலகையில் இதை எழுதிவிட்டுத் திரும்பினால், வகுப்பில் பெரும்பாலானவர்கள் 1/8543 × 1/8543 என்று எழுதிக் கட்டம் போட்டிருப்பார்கள். கொஞ்சம் ஆர்வமான பிள்ளை பெருக்கியே காட்டும்: 7,29,82,849-ல் ஒன்று. ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. பரீட்சைத் தாளாக இருந்தால் முழு மதிப்பெண் விழும்.

இதே விடையை 1999-ல் இங்கிலாந்தின் செஸ்டர் நீதிமன்றத்தில், புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் நடுவர் குழுவிடம் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) சொன்னார். வழக்கின் முடிவில் ஒரு தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விடை தவறு. ஒருவேளை சரியாகவே இருந்திருந்தாலும், நடுவர் குழு முன்னால் இருந்த கேள்விக்கு அது பதிலே இல்லை. இப்படி ஒரே எண்ணுக்குள் இரண்டு தனித்தனிப் பிழைகள். நம் மேல்நிலைப் பிள்ளைகள் நிபந்தனை நிகழ்தகவிலும் பேயீஸ் தேற்றத்திலும் தடுக்கி விழும் இடங்களும் இந்த இரண்டுதான். அதனால் அந்தப் பாடம் முடிந்ததும் நான் இந்த வழக்கைக் கணக்காகவே போட வைப்பேன். இங்கேயும் அப்படித்தான் போகப் போகிறோம்.

வழக்கு

சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். செஷயர் பகுதியின் வில்ம்ஸ்லோவில் குடியிருந்தார். கணவரும் வழக்கறிஞர். 1996 டிசம்பரில் அவர்களுடைய முதல் மகன் 11 வார வயதில் இறந்தான். சுவாசத் தொற்று, இயற்கை மரணம் என்று அப்போது பதிவானது. 1997 நவம்பரில் இரண்டாவது மகன் பிறந்தான். 1998 ஜனவரியில் அவனும் 8 வார வயதில் இறந்துபோனான். அடுத்த மாதமே பெற்றோரைக் கைது செய்தார்கள். பிறகு தாய் மீது மட்டும் வழக்கு நடந்தது. முதல் குழந்தைக்கு இயற்கை மரணம் என்று சொன்ன அதே பிரேதப் பரிசோதனை மருத்துவர், இரண்டாவது மரணத்துக்குப் பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மருத்துவச் சாட்சியம் குழப்பமாகத்தான் இருந்தது. ஒரு நிபுணர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். அந்தச் சமயத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் பேராசிரியர் சர் ராய் மெடோ. குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றிய துறையில் பெரிய பெயர். இப்படிப்பட்ட வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் இரண்டு தொட்டில் மரணங்கள், அதாவது காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணங்கள், இயல்பாக நேர்வதற்கான வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்றார். கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் 80-க்கு 1 என்று மதிப்பிட்ட குதிரை மேல் பணம் கட்டி, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஜெயிப்பது போல என்று உதாரணமும் சொன்னார். பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன, ஆகவே இது நூறு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கக்கூடியது என்றும் கூட்டிச் சொன்னார்.

புள்ளிவிவரத்தை வைத்து இந்த நீதிமன்றங்களில் யாரையும் தண்டிப்பதில்லை என்று நீதிபதி நடுவர் குழுவை எச்சரித்தார். ஆனால் அந்த எண் ஏற்கெனவே காதில் விழுந்துவிட்டது. 1999 நவம்பர் 9-ஆம் தேதி, 10-க்கு 2 என்ற பெரும்பான்மையில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

புள்ளிவிவரம் ஒன்றே அவரைச் சிறைக்கு அனுப்பியது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. மருத்துவச் சாட்சியமும் பெரிய பங்கு வகித்தது. ஆனால் மருத்துவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லும்போது, புரியாத சாதாரண மனிதர் எதைப் பிடித்துக்கொள்வார்? தெளிவாகக் கேட்ட ஒரே எண்ணைத்தான்.

1/8543 யாருடைய நிகழ்தகவு?

கணக்கில் கொடுத்த எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. "நிகழ்தகவு 0.3 எனில்" என்று புத்தகம் சொன்னால் 0.3தான். இங்கே கொஞ்சம் நின்று கேட்போம்.

இங்கிலாந்தின் சில பகுதிகளில் 1993 முதல் 1996 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து அந்த எண் வந்தது. அந்த ஆய்வின்படி, மொத்தமாகப் பார்த்தால் தொட்டில் மரணம் 1303 பிறப்புக்கு ஒன்று. வீட்டில் யாரும் புகைபிடிக்கவில்லை, சம்பாதிப்பவர் ஒருவராவது இருக்கிறார், தாயின் வயது 26-க்கு மேல் என்று மூன்று சாதகமான அம்சங்களும் சேர்ந்த குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்தால் 8543-க்கு ஒன்று.

பத்தாம் வகுப்பிலேயே படித்த விஷயம்தான்: கூறுவெளியை மாற்றினால் நிகழ்தகவு மாறும். சீட்டுக்கட்டில் 52-ஐ வைத்துப் பேசுகிறோமா, படச்சீட்டு 12-ஐ மட்டும் வைத்துப் பேசுகிறோமா என்பதைப் பொறுத்து ராஜா வருவதற்கான நிகழ்தகவு 1/13 ஆகலாம், 1/3 ஆகலாம். மெடோ குடும்பத்துக்குச் சாதகமான மூன்று அம்சங்களையும் எடுத்துக்கொண்டு கூறுவெளியைச் சுருக்கினார். ஆபத்தைக் கூட்டும் அம்சம் ஒன்றும் அங்கே இருந்தது. இரண்டு குழந்தைகளும் ஆண்கள். தொட்டில் மரணம் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அந்த அம்சம் கணக்குக்குள் வரவே இல்லை.

நூறு ஆண்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. 7.3 கோடியை 7 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 104. சரி, வகுத்தல் சரிதான். ஆனால் 7.3 கோடி என்பது புகைபிடிக்காத, வருமானமுள்ள குடும்பத்துக்கான எண். 7 லட்சம் என்பது நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும். தொகுதிக்கு ஒரு கூட்டம், பகுதிக்கு இன்னொரு கூட்டம். "நாட்டில் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை" என்று கேட்க வேண்டுமானால், நாடு முழுமைக்குமான 1303-ஐத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இதைப் பிள்ளைகளையே போடச் சொல்வேன். 1303 × 1303 = 16,97,809. ஏறக்குறைய 17 லட்சம். 7 லட்சத்தால் வகுத்தால் 2.4. அதாவது மெடோவின் அதே வர்க்கப்படுத்தும் வழியை, தப்பென்று தெரிந்தும், அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றினால், நூறு ஆண்டுக்கு ஒரு முறை என்பது இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை ஆகிவிடுகிறது. (பிறக்கும் எல்லாக் குழந்தையும் இரண்டாவது குழந்தை இல்லையே என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. பாதிப் பேர்தான் இரண்டாவதோ அதற்கு மேலோ என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. அப்போதும் நூறுக்குப் பக்கத்தில் வரவில்லை.)

பெருக்கலாமா?

இப்போது வர்க்கத்துக்கு வருவோம். பெருக்கல் தேற்றத்தை முழுதாக எழுதினால் இப்படி இருக்கும்:

இரண்டும் நிகழ்வதற்கான நிகழ்தகவு = முதலாவது நிகழ்வதற்கான நிகழ்தகவு × முதலாவது நிகழ்ந்துவிட்ட நிலையில் இரண்டாவது நிகழ்வதற்கான நிகழ்தகவு.

இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாது, என்றால் மட்டும்தான் கடைசிப் பகுதியில் உள்ள "நிகழ்ந்துவிட்ட நிலையில்" உதிர்ந்துபோகும். நம் பாடநூலிலும் கையேடுகளிலும் இந்தக் கட்டத்தில் கேள்வியே உதவிக்கு வந்துவிடும். "அ, ஆ என்பன சார்பிலா நிகழ்ச்சிகள் எனில்" என்று தொடங்கும். மாணவர் அந்தத் தொடரைப் பார்த்ததும் பெருக்கிவிடுவார். காலப்போக்கில் அந்தத் தொடர் இல்லாவிட்டாலும் பெருக்கப் பழகிவிடுவார். என் பார்வையில் நம் நிகழ்தகவுப் பயிற்சியின் பெரிய ஓட்டை இதுதான்: சார்பின்மை என்பது கேள்வியில் இலவசமாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அது தானாகவே ஒரு கூற்று, அதற்கு ஆதாரம் வேண்டும் என்பது மனதில் பதிவதே இல்லை.

பைக்குள் பந்து எடுக்கும் கணக்கில் மட்டும் பிள்ளைகள் உஷாராக இருப்பார்கள். 5 சிவப்பு, 3 வெள்ளை உள்ள பையில் இரண்டு பந்து எடுத்தால், இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? திரும்ப வைத்தால் 25/64. திரும்ப வைக்காவிட்டால் 5/8 × 4/7, அதாவது 5/14. "சார், திரும்ப வெச்சாங்களா?" என்று கேட்காமல் யாரும் தொடங்குவதில்லை. முதல் பந்து பையின் நிலையை மாற்றிவிடும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்.

குடும்பத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் யோசித்தால் வரிசையாக வரும். இரண்டு குழந்தைகளும் ஒரே பெற்றோரின் மரபணுவைச் சுமப்பவை. அதே வீடு, அதே படுக்கையறை, அதே தொட்டிலாகக்கூட இருக்கலாம். இதயத் துடிப்புக் கோளாறோ வளர்சிதை மாற்றக் கோளாறோ பரம்பரையில் ஓடினால், முதல் குழந்தையின் மரணமே இரண்டாவது குழந்தையின் ஆபத்தைப் பற்றி நமக்குத் தகவல் சொல்கிறது. முதல் மரணம் இரண்டாவதை உண்டாக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணம் இருந்தாலே போதும், சார்பின்மை போய்விடும். மெடோ எண் எடுத்த அந்த ஆய்வறிக்கையிலேயே, இந்தக் கணக்கில் குடும்பத்துக்குள் ஓடும் பிற காரணிகள் சேர்க்கப்படவில்லை என்ற எச்சரிக்கை இருந்தது. நீதிமன்றத்துக்கு எண் வந்து சேர்ந்தது. எச்சரிக்கை அதே அழுத்தத்தோடு வந்து சேரவில்லை.

இதற்கு நெருக்கமான காட்சி ஒன்று 2003-ல் வேறொரு வழக்கில் நடந்தது. திருப்தி பட்டேல் என்ற மருந்தாளுநர், இந்திய வம்சாவளிப் பெண். மூன்று குழந்தைகளைக் கொன்றதாக இங்கிலாந்தில் அவர் மீது குற்றச்சாட்டு. அவருடைய தாய்வழிப் பாட்டி இந்தியாவிலிருந்து வந்து சாட்சி சொன்னார். தான் பெற்ற 12 குழந்தைகளில் 5 பேர் சிசுப் பருவத்திலேயே இறந்ததாக அவர் சொன்னார். நடுவர் குழு பட்டேலை விடுவித்தது. பாட்டிக்கு நிகழ்தகவுத் தேற்றம் எதுவும் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. "இந்தக் குடும்பத்தில் இவை சார்பிலா நிகழ்ச்சிகள் என்று யார் சொன்னது?" என்ற கேள்வியை அந்தச் சாட்சியம் போதிய அளவு கேட்டுவிட்டது.

சார்பு இருந்தால் எண் எவ்வளவு மாறும்? பயிற்சிக்காக ஓர் ஊகம் வைப்போம். ஒரு குழந்தை இப்படி இறந்த குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கு ஆபத்து 10 மடங்கு என்க. அப்படியானால் இரண்டாவது பின்னம் 1/1303-க்குப் பதில் ஏறக்குறைய 1/130. பெருக்கினால் 1/1,69,390. ஏறக்குறைய 1.7 லட்சத்தில் ஒன்று. 7.3 கோடியிலிருந்து 1.7 லட்சம். நானூறு மடங்குக்கு மேல் இறங்கிவிட்டது. மாற்றியது இரண்டே இரண்டு: சரியான கூட்டம், சார்பு உண்டென்ற ஒப்புதல். இந்தக் கணக்கின்படி, ஆண்டுக்கு மூன்றரை லட்சம் இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இப்படி ஒரு துயரம் ஆண்டுக்கு இரண்டு குடும்பங்களுக்கு நேரலாம்.

கேள்வியே மாறிப்போன இடம்

இதுவரை பார்த்தது எண் தப்பு என்பது. அடுத்தது அதைவிட ஆழமான பிழை. 7.3 கோடியே சரி என்று ஒரு நிமிடம் ஒப்புக்கொள்வோம்.

அந்த எண் எந்தக் கேள்விக்கான பதில்? "தாய் நிரபராதி என்றால், இரண்டு குழந்தைகளும் இறப்பதற்கான நிகழ்தகவு என்ன?" நடுவர் குழுவுக்குத் தேவைப்பட்டதோ வேறு: "இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டன, இந்நிலையில் தாய் நிரபராதி என்பதற்கான நிகழ்தகவு என்ன?" நிபந்தனையும் நிகழ்ச்சியும் இடம் மாறிவிட்டன. முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டால், அவர் நிரபராதியாக இருக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று கேட்பவர் மனதில் பதியும். பதியத்தான் செய்தது.

கேரள லாட்டரியில் முதல் பரிசு வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகச் சீட்டு வாங்கிய ஒருவருக்கு முதல் பரிசு விழுவதற்கான நிகழ்தகவு லட்சக்கணக்கில் ஒன்று. அதனால் பரிசு வாங்கியவர் மோசடி செய்தவர் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. ஏனென்றால் மோசடி செய்து பரிசைத் தட்டுவதும் அரிதுதான். இரண்டு அரிய விஷயங்களில் எது எதைவிட அரிது என்று ஒப்பிட்டால்தான் எதையாவது சொல்ல முடியும்.

இங்கேயும் அப்படியே. தொட்டிலில் இரண்டு மரணம் என்பது மிக அரிது. ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அரிது. நீதிமன்றம் முதலாவதை எண்ணால் அளந்தது. இரண்டாவதை யாரும் அளக்கவே இல்லை. சால்ஃபர்ட் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் பின்னால் அந்த வேலையைச் செய்தார். இருக்கும் தரவுகளை வைத்து அவர் மதிப்பிட்டதில், ஒற்றைத் தொட்டில் மரணங்கள் ஒற்றைச் சிசுக் கொலைகளைவிட ஏறக்குறைய 17 மடங்கு. இரட்டைத் தொட்டில் மரணங்கள் இரட்டைக் கொலைகளைவிட ஏறக்குறைய 9 மடங்கு.

அப்புறம் என்ன, நிபந்தனையைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட உதவும் பேயீஸ் தேற்றம் கையில் இருக்கிறது. ஆனால் சூத்திரத்தை எடுக்க வேண்டாம் என்பேன். ஆட்களை எண்ணுங்கள். இரண்டு குழந்தைகளை இழந்த 10 குடும்பங்களை வரிசையாக நிறுத்துங்கள். 9 குடும்பங்களில் இயற்கை மரணம், ஒன்றில் கொலை. வேறு எந்தச் சாட்சியமும் இல்லாமல், வெறும் இரண்டு மரணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், கொலை என்பதற்கான நிகழ்தகவு 1/10. நிரபராதி என்பதற்கு 9/10. 7.3 கோடியில் ஒன்று எங்கே, பத்தில் ஒன்பது எங்கே!

ஒரு பிள்ளை எப்போதும் கேட்கும்: "சார், அப்போ 7.3 கோடிங்கிற எண் சின்னதா இருந்தா என்ன, பெரிசா இருந்தா என்ன?" அதேதான். இரட்டைத் தொட்டில் மரணம் 7 கோடியில் ஒன்று, இரட்டைக் கொலை 63 கோடியில் ஒன்று என்று வைத்தாலும் விகிதம் 9-க்கு 1தான், விடை மாறாது. தனியாக நிற்கும் சின்ன நிகழ்தகவு எதையும் நிரூபிப்பதில்லை.

சரி, மருத்துவச் சாட்சியத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அதற்கும் கணக்கில் இடம் இருக்கிறது. பயிற்சிக்காக ஒரு தடயம் வைத்துக்கொள்வோம். அது இயற்கை மரணங்களில் 20 சதவீதத்தில் தென்படுகிறது, கொலைகளில் 80 சதவீதத்தில் தென்படுகிறது என்க. இப்போது 10-க்குப் பதில் 100 குடும்பங்களை நிறுத்துங்கள். 90 இயற்கை, 10 கொலை. தடயம் உள்ளவை: 90-ல் 18, 10-ல் 8. தடயம் தென்பட்ட 26 குடும்பங்களில் 8 கொலை. 8/26, அதாவது 4/13. பத்தில் ஒன்றாக இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சாட்சியம் வேலை செய்திருக்கிறது. ஆனால் இன்னும் பாதியைத் தொடவில்லை. 80 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து "80 சதவீதம் கொலைதான்" என்று எழுதும் விடைத்தாள்கள் எனக்கு நன்றாகப் பழக்கம்.

இப்படி ஆட்களாக எண்ணிப் பார்த்தால் பேயீஸ் கணக்கு எளிதாகப் புரியும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரன்சர் 1990-களிலேயே ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நம் வகுப்பறைக்கு அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. மர வரைபடம் வந்திருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் கிளைகளில் 0.2, 0.8 என்று எழுதுவதற்குப் பதில் 18 பேர், 8 பேர் என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

பிறகு நடந்தது

2000 அக்டோபரில் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. புள்ளிவிவரத்தில் குறை உண்டு, ஆனால் மற்ற சாட்சியங்கள் வலுவானவை என்றது நீதிமன்றம். 2001 அக்டோபரில் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் வெளிப்படையாக அறிக்கை விட்டது. 7.3 கோடி என்ற எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்றது. ஒரு கல்விக் கழகம் ஒரு குற்ற வழக்கில் இப்படிக் குரல் கொடுப்பது அபூர்வம். அடுத்த ஆண்டு அதன் தலைவர் பீட்டர் கிரீன் நீதித்துறையின் உச்சத்தில் இருந்த லார்ட் சான்சலருக்கே கடிதம் எழுதினார்.

ஆனால் சாலி கிளார்க்கை விடுவித்தது கணிதம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது குழந்தையின் உடலில், மூளைத் தண்டுவடத் திரவம் உட்பட, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவுகள் பிரதிவாதித் தரப்புக்குத் தரப்படாமலே இருந்தன. அவை வெளியே வந்த பிறகு, 2003 ஜனவரி 29-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. புள்ளிவிவரம் பற்றி முழுமையாக வாதிடப்பட்டிருந்தால், அந்தக் காரணத்துக்காகவே மேல்முறையீட்டை ஏற்க வேண்டியிருந்திருக்கும் என்றும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர் வெளியே வந்தார். அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. 2007 மார்ச்சில், 42 வயதில் இறந்தார்.

மெடோவின் பெயரை 2005-ல் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அவர் நல்லெண்ணத்தோடு சொன்ன தவறு என்பதே நிலைப்பாடு. எனக்கும் அவரை வில்லனாக்குவதில் ஆர்வம் இல்லை. அவர் செய்த அதே பெருக்கலைத்தான் நம் வகுப்பறையில் தினமும் செய்கிறோம், மதிப்பெண்ணும் போடுகிறோம்.

பயிற்சியில் எதை மாற்றலாம்

நம் சமச்சீர்ப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பின் கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். பதினொன்றாம் வகுப்புக் கணிதத்திலும் நிகழ்தகவு கடைசிப் பாடம்தான். கடைசிப் பாடம் எந்தப் பள்ளியில் நிதானமாக நடக்கிறது? திருப்புதல் தேர்வு வந்து நிற்கும். ஆகவே எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டு, சூத்திரத்தை அட்டையில் எழுதி, முடித்துவிடுவோம். இது ஆசிரியர்கள் மேல் புகார் இல்லை, நேரம் அவ்வளவுதான். அந்தக் குறைந்த நேரத்துக்குள்ளும் செய்யக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

கையேட்டில் உள்ள கணக்கை எடுத்துக்கொண்டு, "சார்பிலா நிகழ்ச்சிகள்" என்ற தொடரை அடித்துவிட்டுக் கொடுப்பேன். விடை கேட்க மாட்டேன். "பெருக்கலாமா? பெருக்கலாம் என்றால் ஏன்?" என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். இரண்டு பகடை என்றால் உடனே எழுதிவிடுவார்கள். ஒரே வகுப்பில் இரண்டு மாணவர்கள் ஒரே நாளில் காய்ச்சலில் விடுப்பு எடுப்பது என்றால் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வந்தால் போதும், பாடத்தின் முக்கால்வாசி முடிந்தது.

அடுத்து, பேயீஸ் கணக்கு எதுவானாலும் சூத்திரத்துக்கு முன்னால் இரண்டு வாக்கியம் தமிழில் எழுதச் சொல்வது. கொடுத்திருப்பது: "... என்றால் ... நிகழ்தகவு". கேட்டிருப்பது: "... என்றால் ... நிகழ்தகவு". இரண்டிலும் "என்றால்" எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். ஜேஈஈ பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது நேர விரயமாகத் தோன்றும். அவர்களுக்கு ஒரு கேள்விக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் அங்கே கொடுக்கும் தவறான விருப்பங்களில் ஒன்று நிபந்தனையை மாற்றிப் போட்டால் வரும் விடையாக இருக்கலாம். எடுத்துக்கொண்ட பத்து வினாடி வீணில்லை.

போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்.

ஒன்று: சென்னையில் நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மழை பெய்ய நிகழ்தகவு 1/2 என்க. அடுத்தடுத்த இரண்டு நாள் மழை பெய்ய 1/4 என்று எழுதலாமா? மழை பெய்த நாளுக்கு அடுத்த நாளும் மழை வர நிகழ்தகவு 3/4 என்றால் விடை 3/8. வடகிழக்குப் பருவமழையில் ஒரு தாழ்வு மண்டலம் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு, முதல் விடை ஏன் சரியில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு: ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரைச் சரியாகக் காட்டும், நோய் இல்லாதவர்களில் 1 சதவீதம் பேரைத் தவறாகக் காட்டும். நோய் இருக்கிறது என்று முடிவு வந்த ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்க நிகழ்தகவு என்ன? ஒரு லட்சம் பேரை எண்ணுங்கள். நோயாளி 100, அவர்களில் 99 பேருக்கு இருக்கிறது என வரும். மற்ற 99,900 பேரில் 999 பேருக்கும் அப்படியே வரும். 99/1098, ஏறக்குறைய 9 சதவீதம்.

மூன்று: ரே ஹில்லின் மதிப்பீட்டில், மூன்று தொட்டில் மரணங்கள் நேர்ந்த குடும்பங்களும் மூன்று கொலைகள் நடந்த குடும்பங்களும் ஏறக்குறைய 2-க்கு 1. வேறு சாட்சியம் இல்லாமல் கொலைக்கான நிகழ்தகவு காண்க. பிறகு, மேலே சொன்ன அதே 20, 80 சதவீதத் தடயம் கிடைத்தால் என்ன ஆகும் என்று காண்க. முதல் விடை 1/3. இரண்டாவதுக்கு 300 குடும்பங்களை நிறுத்துங்கள்: 200-ல் 40, 100-ல் 80. தடயமுள்ள 120-ல் 80, ஆக 2/3. உங்களுக்கு 2 என்று வந்திருந்தால் சாதக விகிதத்தை (கொலை 80-க்கு இயற்கை 40) நிகழ்தகவாக எழுதிவிட்டீர்கள் என்று பொருள். 4/5 என்று வந்திருந்தால், செஸ்டர் நீதிமன்றத்தில் நடந்தது போல நிபந்தனையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்.